கணக்கில் வராத மாத்திரை

திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிக் காகிதம் என்று சுற்றுவட்டார ஜனங்களின் சங்கதியெல்லாம் என் மெஷின் கண்ணாடியில் கவிழ்ந்து படுத்துவிட்டுத்தான் போகும். படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன், கண் சும்மா இருக்காது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதயத்தில் அடைப்பு, யார் வீட்டு மருமகளுக்குக் கரு நிற்கவில்லை எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன், அவ்வளவுதான் என் யோக்கியதை. இப்படிப்பட்டவள் தன்னுடைய ரிப்போர்ட்டை நகல் எடுக்கச் சொந்தக் கடையை விட்டுவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள் என்றால், அந்தக் காகிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செல்வி. வயது நாற்பத்தேழு. வீட்டுக்காரர் ஏழுமலை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் எடை போடுகிறவர். ஒரே மகள் பிரியா, கல்யாணமாகிச் செங்கல்பட்டில் இருக்கிறாள். போன வருஷம் எனக்கு மாதவிலக்கு ஐந்து நாளில் நிற்காமல் பத்து நாள், பதினைந்து நாள் என்று ஓடியது. கடையில் நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். ஒரு நர்சிங் ஹோமில் நாளும் குறித்தாயிற்று. கடைக்கு லீவு என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். பிரியா வந்து இறங்கினாள். அவள் அப்பா புது பிளாஸ்க் வாங்கிக்கொண்டு வந்தார். திருப்பதிக்குக் கிளம்புகிற குடும்பம் மாதிரி ஆபரேஷனுக்குக் கிளம்பினோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைகளை எனக்கும் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் ஒருத்தி வந்து நின்றாள்.

“செல்வி யாரும்மா? கூட யாரும் வேணாம், நீங்க மட்டும் வாங்க.”

பிரியாவையும் அவள் அப்பாவையும் அங்கேயே உட்காரவைத்துவிட்டுப் போனேன். உள்ளே டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்னு வந்திருக்கும்மா. அது ஒரு வைரஸ். ரத்தத்துல இருந்துகிட்டு கல்லீரலை மெல்ல மெல்ல அரிக்கும். எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கீங்களா?”

“பொண்ணு பொறந்தப்ப ஏத்துனாங்க டாக்டர். இருபத்தாறு வருஷம் ஆச்சு.”

“அதுல வந்திருக்கலாம். சரியா சுத்தம் பண்ணாத ஊசி, பல்லு புடுங்கினது, பச்சை குத்தினது, எதுல வேணாலும் வந்திருக்கலாம். இப்ப அதைத் தேடிப் பிரயோஜனமில்ல. மொதல்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. ஆபரேஷன் அப்புறம் பாக்கலாம்.”

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கல்லீரல் கெடுவது குடிகாரர்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் சாராயக் கடை இருக்கிற தெருவில்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஒருவன் என் வீட்டுக்குள் ஒளிந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறான், எனக்குத் தெரியவில்லை என்றால் நான் என்னத்தைக் குடித்தனம் செய்தேன்?

வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புது பிளாஸ்கைக் கையில் பிடித்தபடி, “இன்னா செல்வி, ஆபரேஷன் இல்லியா? காப்பி வாங்கியாந்துட்டனே” என்றார்.

*

விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுத்திருந்தேன். ரத்தம் மிகவும் குறைந்திருந்ததால் அதையும் ஏற்ற வேண்டும், மற்ற பரிசோதனைகளையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். மறுபடியும் ரத்தம் ஏற்றுவதா என்று நான் கையை இழுத்துக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு பாட்டிலையும் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள் என்று நர்ஸ் சீட்டைக் காட்டிய பிறகுதான் கையை நீட்டினேன்.

என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு எங்கள் பிரியாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆனால் நிதானமாகப் பேசுவார். முதல் நாளே படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

“நர்சிங் ஹோம்ல பாத்தது ஆன்டிபாடிம்மா. திருடன் வந்தா மண்ணுல கால் தடம் பதியும் இல்ல? அந்தத் தடத்தைத்தான் பாத்திருக்காங்க. திருடன் இன்னும் உள்ள இருக்கானா, போயிட்டானான்னு தனியா பாக்கணும். அதுக்குப் பேரு வைரல் லோடு டெஸ்ட்.”

திருடன் உள்ளேதான் இருந்தான். அந்த முடிவு வருவதற்குள் வேறு சோதனைகளும் நடந்தன. ஹெபடைடிஸ் பி என்று இதன் பங்காளி ஒன்று இருக்கிறதாம். அது உடம்பில் தூங்கிக்கொண்டிருந்தால், சி-க்கு மருந்து கொடுக்கும்போது விழித்துக்கொள்ளக்கூடுமாம். அதனால் அதையும் பார்க்காமல் மருந்தைத் தொட மாட்டார்கள். எனக்கு அது இல்லை. அப்புறம் விலா எலும்புக்கு மேல் ஒரு கருவியை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கல்லீரல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று அது அளந்து சொல்லும். கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறது, சுருங்கிப்போகிற அளவுக்குப் போகவில்லை என்றார்கள். இன்னும் சில வருஷம் தெரியாமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டரம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்காரருக்கும் பிரியாவுக்கும் சோதனை செய்யச் சொன்னார்கள். என் நோயைவிட அந்த இரண்டு நாள்தான் என்னைக் கொன்றது. அவள் பிறந்தபோது ஏறிய ரத்தம் என்றால், நான் அவளுக்குப் பால் கொடுத்திருக்கிறேன். இருவருக்கும் இல்லை என்று வந்ததும், வார்டு என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். பக்கத்துப் படுக்கையில் ஒலக்கூர்க்கார அம்மா ஒருத்தர் இருந்தார்.

“ஏம்மா அழுவுற? இன்னா சீக்கு உனக்கு?”

“ரத்தசோகைம்மா” என்றேன்.

“அதுக்கா இம்மாம் அழுக? கேப்பக் கூழு குடி, முருங்கக் கீர துன்னு, ஜல்தியா ஏறிடும்.”

பொய் சொன்னது உறுத்தியது. ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் டம்ளரை, தட்டைத் தனியாக வைத்துக்கொண்டேன். சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ இது ஒட்டாது, பிளேடு, நகவெட்டி, பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி ரத்தம் படக்கூடிய சாமான்களை மட்டும் பகிர்ந்துகொள்ளாதீர்கள் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். மனம் கேட்டால்தானே. ஒருநாள் நான் பாதி குடித்துவிட்டு வைத்த காப்பியை இவர் எடுத்துக் குடித்தார். நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன்.

“ஐயோ, அது என் டம்ளருங்க!”

“தெரிஞ்சிதான் குடிக்கிறேன். சக்கரை கம்மியா இருக்குது” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அந்த மனுஷன் என்னிடம் ஆசையாகப் பேசி வருஷக்கணக்காகிறது. அந்தக் காப்பி போதும் எனக்கு.

கிளியனூரிலிருந்து என் நாத்தனார் அஞ்சலை, அதாவது இவருடைய அக்கா, ஒரு கட்டு கீழாநெல்லியோடு வந்தார். கல்லீரல் என்றதும் எங்கள் பக்கத்தில் முதலில் ஞாபகத்துக்கு வருவது கீழாநெல்லிதான். அரைத்து மோரில் கலக்கிக் குடித்தால் நாற்பத்தெட்டு நாளில் குணம், உப்பு போடாமல் பத்தியம் என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் இவர் குறுக்கே விழுந்தார்.

“வேணாங்கா. டாக்டரம்மா குடுக்கிறதத் தவிர இன்னொண்ணு வாயில வைக்கக் கூடாது. மருந்தும் மருந்தும் உள்ள போயி சண்ட போட்டுக்கினா இன்னா பண்றது?”

“இது பச்சிலடா!”

“பச்சிலயும் மருந்துதான்கா.”

அக்கா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். இவ்வளவு விவரமாக இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

*

ஆறாம் நாள் மருந்து கொடுத்தார்கள். அரசாங்க மருந்து, காசு இல்லை. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் என்று இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு டப்பியில் இருபத்தெட்டு. மாதம் ஒரு டப்பி வீதம் மூன்று டப்பி, எண்பத்துநாலு நாள். ரத்தப்போக்கு மாத்திரையில் கட்டுப்பட்டிருப்பதால் ஆபரேஷனுக்கு இப்போது அவசரம் இல்லை, முதலில் இதை முடிப்போம் என்றார் டாக்டரம்மா.

“ஒரு நாளைக்கு ஒண்ணு. தினமும் ஒரே நேரத்துல போடுங்க. உடைக்காதீங்க, பொடி பண்ணாதீங்க. மறந்துட்டா அன்னைக்கே ஞாபகம் வந்ததும் போட்டுக்கலாம். மறுநாள் சேத்து ரெண்டாப் போடக் கூடாது. உடம்பு நல்லாயிட்ட மாதிரி இருக்கேன்னு நடுவுல நிறுத்தவே கூடாது. சரி, இப்ப வேற என்னென்ன மாத்திரை போட்டுக்கிட்டிருக்கீங்க?”

“இரும்புச் சத்து மாத்திரைங்க. அப்புறம் ரத்தம் நிக்கிறதுக்குக் குடுத்தது.”

“அது ரெண்டும் பரவாயில்ல. இதயத்துக்கு? வலிப்புக்கு? டிபிக்கு? நாட்டு மருந்து?”

“இல்லீங்க.”

“வேற எந்த மாத்திரையும் இல்ல?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். “வேற ஒண்ணும் இல்லீங்க” என்று இருவரும் சேர்ந்து சொன்னோம். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து வீட்டில் பூஜை மாதிரி நடந்தது. ஐந்தரைக்கு இவர் எழுந்து வெந்நீர் வைப்பார். செம்பு மூடியைக் கவிழ்த்து அதன் மேல் இரண்டு மாத்திரைகளை எடுத்து வைப்பார். முதலில் சின்னது. பெரிய மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடக் கூடாது என்பதற்காகப் போடுகிற கேஸ் மாத்திரை. அரை மணி கழித்து, சரியாக ஆறு மணிக்கு, பெரியது. நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் சுவரில் தொங்குகிற தேதிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். நான் மாத்திரை போடாமல் எங்கள் வீட்டில் பொழுது விடியாது. ஊரே விடிந்தாலும் எங்கள் காலண்டரில் நேற்றுதான் இருக்கும். ஒருநாள் தூங்கிப்போய் ஏழு மணிக்கு எழுந்தோம். இவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே, மண்டிக்கே அன்றைக்குப் போகவில்லை.

முதல் டப்பி முடிந்தது. போய் இரண்டாவது வாங்கி வந்தோம். கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் அசதி, வேறு தொந்தரவு இல்லை. கடையைத் திறந்துவிட்டேன். இரண்டாவது டப்பியும் முடிகிற தறுவாயில் மூன்றாவதற்குப் போனோம்.

மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் பெரிய வரிசை. காலையில் மாத்திரை போட்டதோடு சரி, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. பதினோரு மணி இருக்கும், நெஞ்சைக் கரித்துக்கொண்டு வந்தது. நான் நெஞ்சைத் தடவுவதைப் பார்த்ததும் இவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். சரியாக அந்த நேரத்தில் நாங்கள் ஜன்னலுக்கு முன்னால் இருந்தோம். உள்ளே மருந்து கொடுக்கிற அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

“அது என்னங்க?”

“இதுவா? கேஸ் மாத்திரைங்க. காலைல ஒண்ணு போட்டும் இவளுக்கு நெஞ்சு கரிக்குதாம்.”

“காலைல ஒண்ணா? தினமும் போடுறீங்களா? எப்பலேருந்து?”

“மொத நாள்லேருந்துங்க. ஒரு நாள் தவறுனதில்ல” என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

அந்த அம்மா எங்கள் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜன்னலைப் பாதி மூடிவிட்டு, வரிசையில் நின்றவர்கள் கத்தக் கத்த வெளியே வந்து, “என்கூட வாங்க” என்று நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நர்சிங் ஹோமில் ‘நீங்க மட்டும் வாங்க’ என்று கூப்பிட்ட அதே நடை.

டாக்டரம்மா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“ஏம்மா, நான் எத்தனை தடவை கேட்டேன்? வேற எந்த மாத்திரையும் போடுறீங்களான்னு கேட்டேனா இல்லையா?”

இவர் உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார். “கேட்டீங்க டாக்டரம்மா. ஆனா இது மாத்திரை இல்லீங்களே. கேஸ் மாத்திரைங்க.”

மருந்து கொடுக்கிற அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த மருந்து உள்ள கரைஞ்சு ரத்தத்துல சேரணும்னா வயித்துல புளிப்பு வேணும். கேஸ் மாத்திரை அந்தப் புளிப்பைத்தான் வத்த வைக்குது. நீங்க தினமும் அரை மணி முன்னாடியே புளிப்பை வத்த வச்சிட்டு, அப்புறம் இதைப் போட்டிருக்கீங்க. எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு வீணாப் போச்சுன்னு எனக்கே தெரியாது.”

ஐம்பத்தைந்து நாள். கீழாநெல்லியைத் திருப்பி அனுப்பினோம். கல்யாண வீட்டில் தலைவலி வந்தபோதுகூட மாத்திரை போடாமல் டாக்டரம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு இந்த ஒன்றை மட்டும் தினமும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்திருக்கிறோம், அதுவும் முதல் ஆளாக. எங்கள் ஊரில் அதை யாரும் மருந்தில் சேர்ப்பதே இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினால் கூடவே ஒன்று, பல் வலிக்கு வாங்கினால் கூடவே ஒன்று, கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி. யாருடைய சட்டைப் பையிலும் பேனா இருக்கிறதோ இல்லையோ, அந்த அட்டை இருக்கும். எத்தனை சீட்டுகளை நகல் எடுத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் முதல் வரி அதுதானே. கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை.

“இப்ப இன்னா டாக்டரம்மா பண்றது? மறுபடியும் மொதல்லேருந்தா?” என்று கேட்டேன்.

அவர் பெரிய டாக்டருக்கு போன் போட்டுப் பேசினார். ரொம்ப நேரம் பேசினார். பிறகு சொன்னார்: மீதி மருந்தை விடாமல் முடிக்க வேண்டும். பயந்துபோய் நிறுத்திவிட்டால் அதுதான் பெரிய தப்பு. கேஸ் மாத்திரையை இன்றோடு விட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் கலர் டானிக்கும் அப்படித்தான், கேட்காமல் தொடக் கூடாது. நெஞ்சு கரித்தால் காரத்தையும் டீயையும் குறைத்து, வேளைக்குச் சாப்பிட வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் அவரிடம் வர வேண்டும், எதை, எத்தனை மணி நேர இடைவெளியில் போடலாம் என்று அவர் சொல்லுவார். இப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைரஸ் இல்லை என்று வரலாம், ஆனால் அதை நம்ப முடியாது. மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்ப்பதுதான் தீர்ப்பு.

“ரெண்டு பேரும் ஒண்ணு புரிஞ்சுக்கங்க. இது பலிச்சிருக்கலாம். பலிக்காமலும் போயிருக்கலாம். போயிருந்தா வேற வழி பாப்போம்” என்றார்.

*

இவர் வீட்டுக்கு வந்ததும் அலமாரி, சட்டைப் பை, பணப்பெட்டி எல்லா இடத்திலிருந்தும் கேஸ் மாத்திரை அட்டைகளைப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டார். ஒரு வீட்டுக்குள் இத்தனை அட்டைகளா என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன், அன்று முழுக்க அவர் மேல் எனக்கு ஆத்திரம்தான். யார் கேட்டார்கள் இவரை அந்தச் சின்ன மாத்திரையை? என்னுடைய கல்லீரலை வைத்து இவர் எதற்குப் பெரிய டாக்டர் வேலை பார்த்தார்? பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்தேன். சாயங்காலம் விளக்கேற்றும்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா கேட்டது என்னை. இல்லை என்று சொன்ன வாய் என் வாய். ஊரார் காகிதத்தையெல்லாம் படிக்கிற கண் என் கண்.

மறுநாள் காலை செம்பு மூடியின் மேல் எதுவும் இல்லை. இவர் விடிவதற்கு முன்பே மண்டிக்குப் போய்விட்டார். நானே டப்பியைத் திறந்து போட்டுக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலண்டரைப் பார்த்தேன், நாங்கள் விழுப்புரம் போன தேதியே தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

“ஏங்க, எங்க போறீங்க? மாத்திரைய யாரு எடுத்து வைக்கிறது?”

“நீயே போட்டுக்கோ செல்வி. என் கையால வேணாம்.”

“இன்னா பேச்சு இது?”

“அம்பத்தஞ்சு நாளு. நானே வெந்நி வச்சி, நானே எடுத்துக் குடுத்து…” சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நெல்லு மல்லாட்டன்னா ஒரு கிராம் தப்பாம எடை போடுவேன். உன் உசுர எடை போடத் தெரியாம பூட்டேன்.”

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அதட்டினேன், அதட்டினால்தான் நான் அழாமல் இருக்க முடியும்.

“நீங்க எடுத்து வச்சதாலதான் ஒரு நாள் தவறாம போட்டேன். நான் ஒண்டியா இருந்தா பத்து நாள் மறந்திருப்பேன். எழுந்திருங்க, ஆறாகப் போவுது. நீங்க குடுத்தாத்தான் முழுங்குவேன், இல்லன்னா இப்படியே உக்காந்துக்கினு இருப்பேன்.”

எழுந்தார். கையைக் கழுவினார். டப்பியைத் திறந்து ஒரே ஒரு மாத்திரையை மூடியின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விழுங்கிய பிறகு நாலு தாளையும் சேர்த்துக் கிழித்தார்.

மாத்திரைகள் முடிந்தன. அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம், செய்வதற்கு ஒன்றும் இல்லாத பன்னிரண்டு வாரம். பசி எடுத்தால் குணமாகிவிட்டது என்று தோன்றும், வயிறு உப்பினால் எல்லாம் போச்சு என்று தோன்றும். சிவப்பு மை போட்டு வட்டமிட்ட தேதியை நோக்கி இவர் தினமும் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போனார். நான் கண்ணாடியில் கண்ணை இழுத்து இழுத்து மஞ்சளைத் தேடினேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, முடிவு வந்த அன்று திரும்பவும் போனோம். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“வைரஸ் இல்லைம்மா. போயிடுச்சு.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவருக்கு அதைவிட.

“இன்னொருவாட்டி பேரப் பாருங்க டாக்டரம்மா. இது இவ காயிதம்தானா?”

“உங்க செல்வியுதுதான். அதிர்ஷ்டம்னே வச்சுக்கங்க. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு நெனச்சுடாதீங்க, தப்பிச்சிட்டீங்க.” பிறகு என்னிடம் திரும்பினார். “ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். அந்தக் கால் தடம் அழியாது. ஆபரேஷனுக்குப் போனா அங்க அந்தச் சின்ன டெஸ்ட்ல மறுபடியும் பாசிட்டிவ்னுதான் வரும், சாகிற வரைக்கும் வரும். பயப்படாம இந்தக் காகிதத்தைக் காட்டுங்க. காப்பி எடுத்து எப்பவும் கையில வச்சிருங்க. இது ஒருதடவை வந்துட்டா மறுபடியும் வராதுன்னும் இல்ல, ஊசி, பிளேடு விஷயத்துல ஜாக்கிரதை.”

ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடியில் இவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அவர் குடித்துவிட்டுக் கொடுத்த பாட்டிலில் மீதியை நான் குடித்தேன்.

*

பழைய ரிப்போர்ட்டுக்காக விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன் என்று சொன்னேன் இல்லையா? அந்தக் கடைக்காரர் காகிதத்தைக் கண்ணாடியில் வைத்தபோது அவர் கண் அதில் ஓடியதைப் பார்த்தேன். நான் எத்தனை பேருக்கு அப்படிச் செய்திருப்பேன் என்று அங்கேயே கூசிப்போனேன். இந்தத் தடவை என் கடையிலேயே எடுப்பது என்று முடிவு செய்தேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறது, அதற்கு ஐந்து நகல் வேண்டும்.

திங்கட்கிழமை காலை, தாலுகா ஆபீஸ் கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கிறது. மெஷின் மூடியைத் திறந்து, என் பெயர் போட்ட காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். முதல் நகல் வெளியே வந்து தட்டில் விழுந்தது, எழுத்து தெரிகிற பக்கம் மேலே. முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும், கையில் ஆஸ்பத்திரி ஃபைல். அவர் கண் அந்தக் காகிதத்தில் ஓடியது.

“யாருதும்மா இது? கல்லீரல்னு போட்டிருக்குது?”

“என்னுதுதாங்கண்ணே. கல்லீரல்ல வைரஸ் இருந்திச்சு. மாத்திரை போட்டேன், இப்ப இல்ல.”

வரிசையில் இரண்டு பேர் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மற்ற நான்கையும் எடுத்தேன். அவர் தன் ஃபைலை நீட்டினார்.

“எனக்கும் கல்லீரலுக்குத்தாம்மா, சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில புதுசா மாத்திரை எழுதிக் குடுத்துக்கிறாங்க. நாளைலேருந்து போடணும்.”

“வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களான்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்.”

மெல்லிய வெள்ளைச் சட்டை அவருக்கு. பையில் மடித்த சீட்டுக்குப் பின்னால் ஒரு அட்டை பளபளத்தது.

“அது இன்னாண்ணே, பாக்கெட்டுல?”

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுவா? இது சும்மா கேஸ் மாத்திரம்மா.”

மெஷினை நிறுத்திவிட்டு, என் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன்.

“உக்காருங்கண்ணே” என்றேன்.